கல்லும் சிப்பியும் பிரிந்த வரலாறு

1546-இல் பாசெல் நகரத்து ஃப்ரோபன் அச்சகத்திலிருந்து ஒரு லத்தீன் நூல் வெளிவந்தது: 'தே நாத்துரா ஃபாசிலியம்'. எழுதியவர் சாக்சனி நாட்டு மருத்துவர் கியோர்க் பாவர். படித்தவர்கள் வட்டாரத்தில் அவர் அக்ரிகோலா. அந்த நூலில் வெள்ளித் தாதுவும் படிகாரமும் உண்டு. மாணிக்கமும் களிமண்ணும் உண்டு. அம்பரும், கல்லாகிப்போன மரமும், பாறைக்குள் கிடைத்த சிப்பியும் உண்டு. இவை அத்தனைக்கும் அன்று ஒரே பெயர்தான், ஃபாசில். நிலத்தைத் தோண்டினால் வருவது எதுவோ அது ஃபாசில். இன்று கனிமவியல் ஒரு துறை, புதைபடிவ இயல் வேறொரு துறை; இரண்டுக்கும் தனித்தனிப் பேராசிரியர்கள், தனித்தனிக் காட்சிக்கூடங்கள். அக்ரிகோலா காலத்து ஒற்றைக் குவியல் இப்படி இரண்டாகப் பிரிய ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆயின.

பாடப்புத்தகங்கள் இதை நாலு வரியில் முடித்துவிடும். முன்னோர் மூடநம்பிக்கையில் உழன்றார்கள். பிறகு ஓரிரு மேதைகள் வந்து, பாறைக்குள் கிடக்கும் சிப்பி உயிரின் எச்சம் என்று கண்டு சொன்னார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது. சற்று ஊன்றிப் பார்த்தால் தெரியும் சித்திரம் வேறு. சரியான முடிவைச் சொன்ன பலருடைய வாதம் அரைகுறையாக இருந்தது. தவறான முடிவைச் சொன்ன சிலருடைய பட்டியல்களோ பழுதில்லாமல் இருந்தன. பின்னால் வந்தவர்களுக்குக் கைகொடுத்தவை பெரும்பாலும் அந்தப் பட்டியல்களே. வகைப்படுத்துவதைக் கணக்கெழுதுவது போன்ற வேலையாக நினைப்பது வழக்கம். இந்த வரலாற்றில் சிந்தனை நடந்த இடமே அதுதான் என்பது என் கருத்து.

அக்ரிகோலாவுக்கு முன்பும் கற்களை வரிசைப்படுத்தியவர்கள் உண்டு. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ், தீயில் இட்டால் உருகுவது, எரிவது, வெடிப்பது என்று கற்களின் நடத்தையைக் கவனித்துச் சிறு நூல் ஒன்று எழுதினார். ரோமானியரான பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் 37 பகுதிகளில் கடைசி ஐந்தை உலோகங்களுக்கும் கற்களுக்கும் ஒதுக்கினார். படித்தது, கேட்டது எல்லாம் அதில் இடம்பெற்றது. கற்கள், உருகுபவை, கந்தக வகைகள், உப்புகள் என்று இப்னு சினா நான்காகப் பகுத்தது ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நிலைத்தது. அவர் காலத்தவரான அல்-பிரூனி ரத்தினங்களையும் உலோகங்களையும் தண்ணீரின் துணையோடு எடைபோட்டு, அவற்றின் அடர்த்தியை எண்ணாகவே குறித்துவைத்தார். நிறத்தால் ஏமாற்றும் கல்லை எடை காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அவர் செய்து காட்டியிருந்தும், ஐரோப்பியக் கல் நூல்கள் அந்த வழியில் செல்ல வெகுகாலம் ஆனது. 13-ஆம் நூற்றாண்டில் ஆல்பர்ட்டஸ் மாக்னஸ் ரத்தினங்களை அகர வரிசையில் அடுக்கினார். தேடுபவருக்கு அது வசதி. ஆனால் எந்தக் கல் எந்தக் கல்லுக்கு உறவு என்பதை அகர வரிசை சொல்லாது.

அக்ரிகோலா இதிலிருந்து விலகியதற்கு அவர் வாழ்ந்த ஊர் முக்கியக் காரணம். 1516-இல் வெள்ளி கிடைத்ததும் மளமளவென்று நகரமாக வளர்ந்தது யோவாகிம்ஸ்தால். இன்று அது செக் குடியரசில் இருக்கிறது. 1527-இல் அக்ரிகோலா அங்கே நகர மருத்துவர் ஆனார். சுரங்கத்திலிருந்து மேலே வரும் ஒவ்வொரு கல்லுக்கும் தொழிலாளர்களிடம் ஒரு ஜெர்மன் பெயர் இருந்தது. அவர் கற்ற கிரேக்க, லத்தீன் நூல்களில் அவற்றில் பாதிக்கு இடமே இல்லை. பழைய நூல்களில் மருந்தாகச் சொல்லப்பட்ட கற்கள் இவற்றில் எவை என்று கண்டறிவதுதான் ஆரம்பத்தில் அவருடைய நோக்கம். அந்தத் தேடல் அவரைப் புலன்களிடம் கொண்டு சேர்த்தது.

நிறம், பளபளப்பு, ஒளி ஊடுருவுகிறதா இல்லையா, மணம், சுவை, விரலுக்குத் தட்டுப்படும் வழவழப்பு, கடினம், வடிவம் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். சுவையை ஒரு கருவியாகவே பயன்படுத்தியவர் அவர். படிகாரம் நாக்கில் பட்டதும் துவர்த்து இழுக்கும், உப்பு கரிக்கும், இரண்டும் வெள்ளைத் தூளாக இருந்தாலும் நாக்கு ஏமாறாது. இப்படிப் பார்த்து மண், உறைந்த சாறுகள், கற்கள், உலோகங்கள் என்று பிரித்து, ஒன்றோடொன்று கலந்து கிடைப்பவற்றைத் தனியே வைத்தார். 'உறைந்த சாறு' என்ற வகுப்பில் உப்பு, படிகாரம், துத்தம், கந்தகம், நிலக்கீல், அம்பர் எல்லாம் வந்தன. இன்றைய கண்ணுக்கு அது பொருந்தாக் கூட்டம். ஆனால் கரைவது, எரிவது, உருகுவது ஆகியவற்றை மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் பிரித்துக் காட்ட அது உதவியது. பிஸ்மத் ஒரு தனி உலோகம் என்று அவர் சொன்னதும் இந்தக் கவனிப்பின் விளைவே.

கல்லாகிப்போன மரத்தை அவர் அறிவார். பூமிக்குள் ஊறும் ஒருவகைச் சாறு அதைக் கல்லாக்கியது என்று ஏற்கவும் செய்கிறார். ஆனாலும் அந்த மரம் கற்களோடுதான் அடுக்கப்படுகிறது. ஒரு பொருள் இப்போது என்னவாக இருக்கிறது என்பதே அவருடைய கேள்வி. முன்பு அது என்னவாக இருந்தது என்பது அவருடைய வகைப்பாட்டுக்கு வெளியே நின்றது.

அடுத்த தலைமுறையில் படம் வந்தது. சூரிச் நகரத்து மருத்துவர் கொன்ராட் கெஸ்னர் 1565-இல் தொகுத்து வெளியிட்ட நூலில், தோண்டியெடுத்த பொருள்கள் முதன்முறையாகப் பெருமளவில் மரச்செதுக்குப் படங்களோடு அச்சாயின. இன்று இதன் அருமை சட்டென்று விளங்காது. சூரிச்சில் இருப்பவர் ஒரு கல்லுக்கு இட்ட பெயரை நேப்பிள்சில் இருப்பவர் எந்தக் கல்லுக்குப் பொருத்திக்கொள்வார்? வெறும் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத காலம் அது. படம் வந்ததும் அந்தச் சிக்கலில் பாதி தீர்ந்தது.

கெஸ்னரின் வரிசை முறை உருவ ஒப்புமையைப் பின்பற்றியது. வானத்துப் பொருள்களை ஒத்தவை, செடிகளை ஒத்தவை, விலங்குகளை ஒத்தவை என்று அத்தியாயங்கள் போகின்றன. கடல் அல்லியின் தண்டுத் துண்டுகள் ஐந்து முனை நட்சத்திரம் போல இருக்கும். அவை விண்மீன்களோடு சேர்ந்தன. மனிதர் கல்லைக் கொண்டு செய்த பொருள்களும் நூலில் உண்டு. மரக்குழலுக்குள் காரீயம் போன்ற கனிமத்தைச் செருகிய எழுதுகோல் ஒன்றின் படம் அதில் இருக்கிறது. பென்சிலின் மிகப் பழைய படம் என்று இன்று எல்லோரும் காட்டுவது அதைத்தான். இதை முன்னோட்டமாக வைத்துப் பெரிய நூல் ஒன்றை எழுத கெஸ்னர் எண்ணியிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கொள்ளைநோய் அவரைக் கொண்டுபோனது.

அதே தொகுப்பில் டோர்காவ் ஊர் மருத்துவர் யோகானஸ் கென்ட்மனின் பேழைப் பட்டியலும் வெளியானது. அக்ரிகோலாவின் வகுப்புகளை இழுப்பறைகளாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு அடுக்கியிருந்தார். மனித உடலுக்குள் உண்டாகும் கற்களைப் பற்றித் தனியே ஒரு சிறு நூலும் அவர் எழுதி, அதுவும் இந்தத் தொகுப்பில் சேர்ந்தது. இதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கத் தேவையில்லை: சிறுநீரகக் கற்களில் அடிக்கடி காணப்படும் கால்சியம் ஆக்சலேட், வீவெல்லைட் என்ற பெயரில் பாறைகளிலும் கிடைக்கிறது, இன்றைய கனிமப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. உயிருக்கும் கல்லுக்கும் இடையிலான எல்லை எங்கே என்பது கென்ட்மன் காலத்தில் நியாயமான கேள்விதான்.

அந்த எல்லையை உறுதியாகத் தொட்டுக் காட்டியது ஒரு சிறிய முக்கோணக் கல். மால்டா தீவில் ஏராளமாகக் கிடைத்த அதை 'நாக்குக் கல்' என்றார்கள். வானத்திலிருந்து விழுந்தது என்று பிளினி கேள்விப்பட்டு எழுதிவைத்தார். புனித பவுல் மால்டாவில் பாம்புகளின் நஞ்சை நீக்கிய கதையோடு இணைத்து, விஷமுறிவு மருந்தாக ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். வாத்திகனில் போப்பின் கனிமச் சேகரிப்பைப் பராமரித்த மிக்கேலே மெர்காத்தி, வாய் பிளந்த சுறாத் தலையையும் இந்தக் கற்களையும் செப்புத் தகட்டில் செதுக்கவைத்தார். ஒப்புமை கண்ணெதிரே இருந்தும், கல் பல்லாக இருந்தது என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. 1616-இல் ஃபாபியோ கொலோன்னா நாக்குக் கல்லைச் சுட்டுப் பார்த்து, எலும்பு போலவே அது முதலில் கரியாகிறது என்று காட்டினார். இது பல்தான் என்று எழுதினார்.

1666 அக்டோபரில் லிவோர்னோ அருகே மீனவர்கள் பிடித்த பெரிய சுறாவின் தலை, ஃப்ளாரன்சில் மெதிச்சி பிரபுவின் ஆதரவில் இருந்த டேனிஷ் உடற்கூற்று அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை அறுத்துப் பார்த்து 1667-இல் எழுதியதற்கு மெர்காத்தியின் பழைய செப்புத் தகட்டுப் படத்தையே பயன்படுத்திக்கொண்டார். முடிவுக்கு வரத் தயங்கியவரின் படம், முடிவுக்கு வந்தவரின் சான்றாயிற்று.

ஸ்டெனோவின் பெருமையைச் சுறாப் பல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை ஏற்கெனவே கொலோன்னா சொல்லியாயிற்று. ஸ்டெனோ உண்மையில் புதிதாகக் கேட்டது 1669-இல் வெளியான சிறு நூலில் இருக்கிறது. ஒரு திடப்பொருளுக்குள் இன்னொரு திடப்பொருள் சிக்கியிருந்தால், இரண்டில் முதலில் இறுகியது எது? பாறைக்குள் இருக்கும் சிப்பியைப் பெயர்த்து எடுங்கள். சிப்பியின் வரிகள் பாறையில் பதிந்திருக்கும். பாறையின் அடையாளம் சிப்பியில் இருக்காது. ஆகவே சிப்பி முன்பே கெட்டியாக இருந்தது, சேறாக இருந்த பாறை அதைச் சுற்றி வந்து இறுகியது. இனி ஒரு பாறைப் பிளவுக்குள் வளர்ந்த படிகத்தைப் பாருங்கள். அங்கே பிளவின் சுவரை அனுசரித்துப் படிகம் வளர்ந்திருக்கிறது. பாறை முந்தியது, படிகம் பிந்தியது. எது எதற்கு வடிவம் கொடுத்தது என்று பார்த்தால் போதும், இரண்டும் வெவ்வேறு வரலாறு உடையவை என்பது தெரிந்துவிடும். அக்ரிகோலாவின் குவியலைப் பிரிக்க முதன்முறையாக ஓர் உரைகல் கிடைத்தது இங்கேதான்.

அதே நூலில் அவர் இன்னொன்றும் கவனித்தார். செடியும் விலங்கும் உள்ளிருந்து ஊட்டம் பெற்று வளர்கின்றன. படிகம் சுற்றியுள்ள திரவத்திலிருந்து மேற்பரப்பில் படலம் படலமாகச் சேர்ந்து வளர்கிறது. ஒவ்வொரு முகத்திலும் சேர்வது ஒரே அளவாக இல்லாததால் பளிங்குப் படிகங்கள் நெட்டையும் குட்டையுமாக, சப்பையும் பருமனுமாக இருக்கின்றன. ஆனால் முகங்களுக்கு இடையிலுள்ள கோணங்கள் மாறுவதில்லை. இந்த ஒரு குறிப்பு முழுப் பயன் தர நூறாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

இத்தனைக்குப் பிறகும் இங்கிலாந்தில் சிலர் ஒப்பவில்லை. பாடப்புத்தகம் மூடர்கள் என்று ஒதுக்குவது இவர்களைத்தான். ஆனால் என் மதிப்பில் இவர்கள் உயர்ந்தவர்கள். மார்ட்டின் லிஸ்டர் சிப்பி, நத்தை வகைகளை நன்கு அறிந்த மருத்துவர். 1671-இல் அவர் எழுப்பிய ஆட்சேபம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று: பாறைச் சிப்பிகள் இன்று கடலில் வாழும் எந்தச் சிப்பியோடும் சரியாகப் பொருந்தவில்லை. அதோடு, ஒருவகைக் கல் வெட்டும் குழியில் கிடைப்பது மற்றொரு வகைக் கல் வெட்டும் குழியில் கிடைப்பதில்லை. உண்மையான உயிர்களாக இருந்தால் இப்படி ஏன் இருக்க வேண்டும்? ஆகவே இவை கல்லுக்குள்ளேயே உருவானவை என்றார். முடிவு தவறு. ஆனால் இரண்டு கவனிப்புகளும் சரி. ஒன்று அழிந்துபோன உயிரினங்களை நோக்கியும், மற்றது பாறை அடுக்குகளின் காலக்கணக்கை நோக்கியும் போகும் வழி. சிப்பிகள் உயிர்களே என்று நம்பிய இயற்கை அறிஞர் ஜான் ரே, லிஸ்டர் சொன்னதன் பாரத்தை உணர்ந்தார்: அப்படியானால் கடவுள் படைத்த சில இனங்கள் அழிந்துபோயின என்றாகுமே, அதை எப்படி ஏற்பது? ராபர்ட் ஹூக் ஒருவர்தான் ஆம், அழிந்திருக்கலாம் என்று துணிந்தார். அவருடைய உரைகள் அவர் இறந்த பிறகு 1705-இல்தான் நூலாயின.

ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று நடத்திய வேல்ஸ்காரர் எட்வர்ட் லூயிட் இன்னும் விசித்திரமான கொள்கை உடையவர். கடலிலிருந்து எழும் ஈர ஆவியோடு உயிரினங்களின் வித்துக்கள் கலந்து நிலத்துக்குள் இறங்கி, அங்கே பாறைக்குள் சிப்பியாகவும் மீனாகவும் வளர்கின்றன என்று நினைத்தார். அதே லூயிட் 1699-இல் வெளியிட்ட பட்டியலில் 1,766 பொருள்கள் எண்ணிட்டு, கிடைத்த இடம் குறித்து, படங்களோடு இடம்பெற்றன. அச்சிட்டது 120 பிரதிகள்தான். ஐசக் நியூட்டன், ஹான்ஸ் ஸ்லோன் போன்றவர்கள் பணம் போட்டார்கள். முந்தைய ஆண்டு வேல்ஸில் லாண்டைலோ அருகே கிடைத்த ஒன்றை ஏதோ தட்டை மீனின் எலும்புக்கூடு என்று எண்ணி வரைந்துவைத்தார். அது டிரைலோபைட் என்ற அழிந்துபோன கடல் உயிரி. மீன் என்பது பிழை, ஆனால் படம் எந்த இனம் என்று இன்றும் அடையாளம் காணும் அளவுக்கு நேர்த்தியானது. தான் நம்பியதற்கு ஏற்பப் படத்தை அவர் திருத்தவில்லை. லூயிட்டை நான் மதிப்பதற்கு அது ஒன்றே போதும்.

இவருக்கு நேர்மாறாக, யோகான் ஷாய்க்சரின் நிலை. 1726-இல் ஓர் எலும்புக்கூட்டைப் பிரளயத்தில் மாண்ட மனிதனுடையது என்று அறிவித்தார் அந்த சூரிச் மருத்துவர். புதைபடிவம் உயிரின் எச்சமே என்ற கொள்கையில் அவர் சரி; எந்த உயிர் என்பதில் தவறு. 1811-இல் பிரெஞ்சு உடற்கூற்று அறிஞர் கூவியே அந்தப் பாறையைச் சுரண்டி முன்னங்கால்களை வெளிக்கொண்டுவந்து, அது ராட்சத சாலமாண்டர் என்று காட்டினார்.

லண்டன் மருத்துவர் ஜான் வுட்வர்ட் இந்த இரண்டு போக்கும் ஒரே ஆளில் கூடியவர். பிரளய நீர் பூமியையே கரைத்துவிட்டது, பிறகு எல்லாம் எடைக்கேற்ப அடுக்கடுக்காகப் படிந்தன என்பது அவர் கொள்கை. எந்தக் குழியை வெட்டிப் பார்த்தாலும் பொய்த்துப்போகக்கூடியது. ஆனால் சேகரிப்பாளராக அவருக்கு நிகர் குறைவு. 1696-இல் உலகெங்கும் போகும் பயணிகளுக்கு எதை, எப்படி எடுத்துவர வேண்டும் என்று அறிவுரை அச்சிட்டுக் கொடுத்தார். நிலத்துக்கே உரிய ஃபாசில்கள், வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஃபாசில்கள் என்று தம் சேகரிப்பை இரண்டாகப் பிரித்தார். முன்னது கனிமம், பின்னது புதைபடிவம். ஒரே பெயருக்குள் இரு பிரிவாக இருந்தாலும் கோடு போட்டாயிற்று. அவர் 1728-இல் இறந்தபோது இங்கிலாந்துப் பொருள்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அந்தக் கற்கள் வால்நட் மரப் பேழைகளில் அவர் வைத்த வரிசையிலேயே செட்ஜ்விக் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

வுட்வர்டின் வெளிநாட்டுப் பட்டியலில் நம் பக்கத்துக் கல் ஒன்று உண்டு: குருந்தம். 1720-களின் அந்தப் பட்டியலில் இரண்டு வகை குறிக்கப்படுகின்றன. ஒன்று சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது, பச்சை சாயும் சாம்பல் நிறம், மாணிக்கத்தையும் வைரத்தையும் மெருகிடப் பயன்படுவது. மற்றொன்று நெல் விளையும் வயலில் கிடைப்பது. எலிகள் வளை தோண்டும்போது வெளியே தள்ளுவது. இரும்பைத் தீட்டப் பயன்படுவது. யாரோ ஒருவர் இங்கே உழவரிடமும் சாணை பிடிப்பவரிடமும் கேட்டுக் குறித்தனுப்பிய செய்தி இது. கிடைக்கும் இடமும் பயனும் தெரிகின்றன. ஆனால் இந்தச் சாணைக்கல்லுக்கு மாணிக்கத்தோடு என்ன உறவு என்பது வுட்வர்டுக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது. அந்த விடைக்குக் கனிமங்களை வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

1735-இல் லின்னேயஸ் தாவரம், விலங்கு, கல் என்று மூன்று உலகங்களையும் ஒரே திட்டத்தில் வகுப்பு, வரிசை, பேரினம் என்று பிரித்தார். செடிகளுக்கு அது பெரும் வெற்றி, கற்களுக்கு ஒத்துவரவில்லை. கல்லுக்குத் தாய் தந்தை இல்லை. ஓர் இனம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வம்சம் இல்லாதபோது வேறு அளவுகோல் வேண்டும்.

அதைக் கொண்டுவந்தவர் சுவீடனின் அக்செல் கிரான்ஸ்டெட், நிக்கலை 1751-இல் கண்டறிந்தவர். அவருடைய ஆயுதம் நம் பொற்கொல்லர் பட்டறைகளில் இருப்பது போன்ற ஊதுகுழல். விளக்குச் சுடரை ஊதிக் கூராக்கி, கரித்துண்டின் மேல் வைத்த கல் துகளில் பாய்ச்சினால் அது உருகுகிறதா, புகைகிறதா, பூண்டு வாடை வருகிறதா என்று பார்க்கலாம். பூண்டு வாடை ஆர்செனிக்கின் அடையாளம். வெண்காரத்தோடு உருக்கினால் கண்ணாடி மணி போலத் திரளும். மணி நீலமானால் கோபால்ட், ஊதாவானால் மாங்கனீஸ். ஒரு கடுகளவு துகள் போதும். 1758-இல் தம் பெயர் போடாமலே அவர் வெளியிட்ட நூலில் மண், உப்பு, எரிபொருள், உலோகம் என்ற நான்கு வகுப்புகளும் வேதியியலின் மேல் எழுந்தவை. பல கனிமங்கள் கலந்த பாறைகளையும், கல்லாகிப்போன உயிர்ப் பொருள்களையும் அவர் பிரதான வரிசையிலிருந்து எடுத்துப் பின்னிணைப்புக்கு அனுப்பினார். வேதியியலுக்குச் சிப்பி வெறும் சுண்ணாம்பு. அதன் உருவத்துக்கு அங்கே வேலை இல்லை. ஸ்டெனோ இரண்டு வரலாறுகள் என்று சொன்னதைக் கிரான்ஸ்டெட் நூலின் அமைப்பிலேயே செய்துவிட்டார்.

ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் பெரும் ஆசானாக விளங்கிய ஆபிரகாம் கோட்லோப் வெர்னர் வேதியியலை மறுக்கவில்லை. சுரங்கத்துக்குள் நிற்பவன் கையில் உலை இருக்காது என்பதே அவர் கவலை. 1774-இல் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத நிலையில் அவர் எழுதிய நூல், கண்ணாலும் கையாலும் அறியக்கூடிய புற அடையாளங்களுக்கு ஓர் ஒழுங்கான மொழியை உண்டாக்கியது. வெள்ளை என்று சொன்னால் போதாது. பனி வெள்ளையா, பால் வெள்ளையா, மஞ்சள் சாய்ந்த வெள்ளையா? பேட்ரிக் சைம் என்ற ஓவியர் பின்னாளில் வெர்னரின் நிறப்பெயர்களை விரித்து வண்ணச் சதுரங்களோடு நூலாக்கினார். பீகிள் கப்பலில் டார்வின் அதைக் கையில் வைத்திருந்தார். ஏறத்தாழ எல்லாப் பாறையும் ஆதிக்கடலில் படிந்தவை என்ற வெர்னரின் பூமிக் கொள்கை அவர் மாணவர்கள் கையாலேயே கலைந்தது. அவர் கற்பித்த பார்க்கும் முறை கலையவில்லை. அந்த மாணவர்களில் ஒருவரான ஃப்ரீட்ரிக் மோஸ் 1812-இல் எது எதைக் கீறும் என்று பத்துப் படிகள் வகுத்தார். அதில் மாக்கல் வகையான டால்க் ஒன்று, குருந்தம் ஒன்பது, வைரம் பத்து.

படிகக் கோணங்களின் பக்கம் பிரான்ஸ் திரும்பியது. ரோமே தெ லில், கோணமானி என்ற எளிய கருவி கையில் வந்ததும் நூற்றுக்கணக்கான படிகங்களை அளந்து, ஸ்டெனோ பளிங்கில் கண்டது எல்லாக் கனிமங்களுக்கும் பொது என்று 1783-இல் நிறுவினார். பாரிசில் பாதிரியாராக இருந்த ரெனே-ஜூஸ்ட் ஆயுயி, நண்பர் வீட்டில் ஒரு கால்சைட் படிகத்தைக் கைதவறிக் கீழே போட்டார் என்பார்கள். உடைந்த துண்டு சாய்சதுர முகங்களோடு இருந்தது. தம்மிடமிருந்த வேறு வேறு வடிவக் கால்சைட்டுகளையும் அவர் உடைத்துப் பார்த்தார். வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் உள்ளே அதே சாய்சதுரம். கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டைகள் அடுக்கி எழுந்ததே படிகம் என்ற அவருடைய விளக்கம் 1801-இல் பெருநூலாக வந்தது.

இப்போது குருந்தத்துக்குத் திரும்பலாம். 1798-இல் சார்ல்ஸ் கிரெவில் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை தந்தார். அதனோடு படிக வடிவங்களை விவரித்தவர் பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த பூர்னோன் பிரபு. 1802-இல் பூர்னோன் மீண்டும் எழுதினார். ரிச்சர்ட் செனவிக்ஸ் வேதியியல் ஆய்வு செய்தார். சாணைக்கல், மாணிக்கம், நீலக்கல் மூன்றும் ஒரே படிக அமைப்பு, ஒரே அலுமினா. சிவப்பும் நீலமும் மிகச் சிறிதளவு கலந்த வேறு உலோகங்களால் வந்த நிறம். மாணிக்கத்தை மெருகிட்ட தூளும் மாணிக்கமும் ஒரே பொருளாயிற்று. மறுபுறம், மாணிக்கம் என்றே மதிக்கப்பட்ட சில பெரிய சிவப்புக் கற்கள் எண்முகப் படிகம் கொண்ட ஸ்பினெல் என்று ரோமே தெ லில் காலத்திலேயே பிரிந்துபோயின. பிரித்தானிய முடியில் உள்ள 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' அப்படிப்பட்டது. நிறம் சேர்த்துவைத்ததைப் படிகம் பிரித்தது, பயன்பாடு பிரித்துவைத்ததை வேதியியல் சேர்த்தது. வகைப்பாட்டு வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இருந்தும் லின்னேயஸின் நிழல் போக நாளாயிற்று. அமெரிக்கர் ஜேம்ஸ் ட்வைட் டேனா 1837-இல் எழுதிய கனிமவியல் நூலின் முதல் பதிப்பில் கனிமங்களுக்குச் செடி போல இரட்டை லத்தீன் பெயர்கள் உண்டு. 1850 பதிப்பில் அதை அவரே கைவிட்டு, சுவீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் காட்டிய வேதியியல் வழிக்கு மாறினார். இன்றைய கனிமப் பட்டியல்கள் அந்த வழியில் வந்தவையே.

பின்னிணைப்புக்குப் போன சிப்பிகளுக்கு அங்கே வேறு ஒழுங்கு பிறந்தது. 1796-இல் கூவியே யானைத் தாடைகளை ஒப்பிட்டு, மாமத் இன்றைய யானைகளில் எதுவும் அன்று, அழிந்த இனம் என்று காட்டியதோடு ரேயின் தயக்கத்துக்கு விடை வந்தது. லிஸ்டரின் மற்றக் கவனிப்புக்கு விடை தந்தவர் சோமர்செட் நிலக்கரிக் கால்வாய்க்கு நில அளவை செய்த வில்லியம் ஸ்மித். பாத் நகரத்துப் பாதிரியார் பெஞ்சமின் ரிச்சர்ட்சன் தம் புதைபடிவங்களை வழக்கப்படி இன வாரியாக அடுக்கிவைத்திருந்தார். அந்தச் சேகரிப்பைப் பார்த்த ஸ்மித், ஒவ்வொன்றும் எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று கையில் எடுத்த உடனே சொல்லி, அடுக்கு வாரியாக அவற்றை மாற்றி வைத்துக் காட்டினார். 1799-இல் அடுக்குகளின் பட்டியலை நண்பர்களுக்குச் சொல்லி எழுதவைத்தார். 1815-இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடம் வந்தது. உருவத்தால் அடுக்கியது காலத்தால் அடுக்குவதாக மாறியது. ஒரு குழியில் கிடைப்பது இன்னொரு குழியில் கிடைப்பதில்லை என்று லிஸ்டர் எதிர்வாதமாக வைத்தது இப்போது விதியாகிவிட்டது.

அந்த விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சோதனை இங்கேயே நடந்தது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர் சேகரித்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். நம் வீடுகளில் சாளக்கிராமமாகப் பூசையில் இருக்கும் கல்லின் இனம்தான் அம்மோனைட். ஐரோப்பாவின் கிரிட்டேஷியஸ் அடுக்குகளில் கிடைப்பவற்றின் உறவுகள் இங்கே கிடைத்ததால், இந்தப் பாறைகளின் காலமும் அதுவே என்று தீர்மானமாயிற்று. பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் நடந்து நடந்து வரைபடமிட்டு, 1862-இல் இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று கீழிருந்து மேலாக மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இவற்றின் உயிரினங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அடுத்த பத்தாண்டுகளில் பெரும் தொகுதிகளாக எழுதி முடித்தார். ஊட்டத்தூர்த் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்ற பெயர்களோடுதான் இன்றைய நிலவியலாளரும் இந்தப் பாறைகளைப் பற்றி எழுதுகிறார்கள். தொகுதிகளுக்குள் எல்லைகள் பலமுறை திருத்தப்பட்டிருக்கின்றன, இன்னும் திருத்தப்படுகின்றன.